பரணிலிருந்து நழுவிய பெட்டி: உடைந்ததற்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரு பெண் வேலை செய்கிறார். பாத்திரம் துலக்குவது, பெருக்கித் துடைப்பது, துணி காயப்போடுவது என்று நாளுக்கு இரண்டு மணி நேர வேலை. மாதம் 4,500 ரூபாய். நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, படுக்கையறைப் பரணில் இருந்த கொலு பொம்மைப் பெட்டிகளை இறக்கித் தரச் சொன்னேன். "கனமா இருக்கும் அக்கா, சார் வந்ததும் இறக்கிக்கலாமே" என்றார். எனக்கு அலுவலக மீட்டிங் இருந்ததால் அவசரப்படுத்தினேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி இறக்கும்போது இரண்டாவது பெட்டி நழுவி, கீழே மேசைமேல் இருந்த 43 அங்குல டிவியில் விழுந்துவிட்டது. திரையில் விரிசல். பெட்டிக்குள் இருந்த, என் அம்மா கொடுத்த மண் தசாவதார செட்டில் நான்கு பொம்மைகள் நொறுங்கிவிட்டன. டிவி மூன்று ஆண்டுகளுக்கு முன் 32,000 ரூபாய்க்கு வாங்கியது. பேனல் மாற்ற 19,500 ஆகுமாம். மாதம் 1,500 பிடித்தால் பதின்மூன்று மாதத்தில் கழிந்துவிடும் என்கிறார் கணவர். 500 பிடித்தால் போதும் என்பது என் எண்ணம். அவரிடம் சொன்னபோது அழுதுகொண்டே "பிடிச்சுக்கோங்க அக்கா" என்றார். முடிவெடுக்க முடியாமல், 12-ஆம் தேதி ஆகியும் இந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். சட்டப்படி பிடிக்கலாமா? இனிமேலாவது "உடைத்தால் நீயே பொறுப்பு" என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா? எதிர் வீட்டுக்கு ஆப் மூலம் வரும் ஆட்கள் எதையாவது உடைத்தால் அந்த நிறுவனமே ஈடு கொடுக்கிறதாம். எங்களுக்கு ஏன் அந்த வழி இல்லை?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இழப்பை உங்கள் குடும்பம்தான் ஏற்க வேண்டும். கணவர் சொல்லும் 1,500-உம் வேண்டாம், நீங்கள் சொல்லும் 500-உம் வேண்டாம். நிறுத்தி வைத்திருக்கும் சம்பளத்தை, இதைப் படிக்கும் அன்றே, ஒரு ரூபாயும் குறையாமல் கொடுத்துவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இது இரக்கத்தின் பேரில் சொல்லும் யோசனை என்று உங்கள் கணவர் நினைக்கக்கூடும் என்பதால், இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டு வேலைக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, வீட்டுப் பணியாளர்களுக்கான சட்ட ஏற்பாடு பற்றி ஆராய ஒரு குழுவை அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. ஆகவே "எந்தப் பிரிவின்படி பிடிக்கக் கூடாது" என்று யாராவது கேட்டால், வீட்டு வேலையைப் பெயர் சொல்லிப் பேசும் ஒரு பிரிவை எடுத்துக் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் தனிச் சட்டம் இல்லாத இடத்தில் நம் விருப்பப்படி நடந்துகொள்ளலாம் என்று அதற்குப் பொருளில்லை. தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்பவரின் சம்பளத்தில் எப்போது கை வைக்கலாம் என்பதைச் சட்டம் தொண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வீட்டுக்குள் என்ன நியாயம் என்பதை அளக்க அதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை.

1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் சேதமானதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய அது அனுமதித்தது. ஆனால் அந்த அனுமதியைச் சுற்றி நான்கு வேலிகளைப் போட்டிருந்தது. அந்தப் பொருள், பாதுகாத்து வைத்திருக்கும்படி அந்தத் தொழிலாளியிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவின் நேரடி விளைவாக இருக்க வேண்டும். அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்கலாம். பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு சம்பளக் காலத்தில் செய்யும் மொத்தப் பிடித்தங்கள் பொதுவாகச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே கொள்கையைத்தான் தொடர்கிறது. இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் டிவி அந்தப் பெண்ணின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அல்ல; நீங்கள் வைத்த மேசையில், நீங்கள் வைத்த இடத்தில் இருந்தது. பொம்மைகளும் அப்படித்தான். ஒரு பெரிய தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் இதே சூழ்நிலையில் சம்பளத்தில் பிடித்திருந்தால், முதல் வேலியைத் தாண்டுவதற்கே திணறியிருப்பார்.

இன்னொரு பழைய பிரிவையும் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது பலருக்கும் தெரியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவருடைய பொருள் அவருக்காக அவருடைய பணியாளரின் கையில் இருக்கும்போது, அது அந்த உரிமையாளரின் கைவசமே இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த விதி தொடர்கிறது. இது குற்றவியல் சட்டத்துக்காகச் செய்த வரையறைதான். திருட்டு வழக்குகளில்தான் பெரும்பாலும் பயன்படும். என்றாலும் அதற்குப் பின்னால் இருக்கும் பார்வை நம் விஷயத்துக்குப் பொருந்துகிறது. பணியாளரின் கை, வேலை நடக்கும் நேரத்தில், உரிமையாளரின் கையின் நீட்சி. அந்தக் கையால் துலங்கிய பாத்திரத்தின் பளபளப்பு உங்களுடையது என்றால், அந்தக் கையிலிருந்து நழுவியதும் உங்களுடையதுதான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. கவனக்குறைவாக நடந்து முதலாளிக்கு நஷ்டம் ஏற்படுத்திய தொழிலாளி அதற்கு ஈடுகட்டக் கடமைப்பட்டவர் என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் வேரூன்றிய கொள்கை. 1957-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, லாரியைப் பின்னோக்கி ஓட்டும்போது தன்னுடன் வேலை செய்த சொந்தத் தந்தையையே இடித்துவிட்ட ஓட்டுநரிடமிருந்து, அந்த விபத்துக்காகக் கொடுத்த இழப்பீட்டை முதலாளியின் பெயரால் வசூலிக்கலாம் என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை உண்மையில் நடத்தியது காப்பீட்டு நிறுவனம். சுவையான பகுதி அதற்குப் பிறகு நடந்ததுதான். தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்த காப்பீட்டு நிறுவனங்கள், வேண்டுமென்றே செய்த தவறோ கூட்டுச் சதியோ இருந்தாலொழிய, தொழிலாளியிடம் இப்படி வசூலிப்பதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. வழக்கில் வென்றவர்களே அந்த வெற்றியைப் பயன்படுத்தக் கூசினார்கள். ஜெர்மனியில் தொழிலாளர் நீதிமன்றங்கள் இதைத் தெளிவான படிநிலையாகவே வகுத்துவிட்டன: சிறு கவனக்குறைவுக்குத் தொழிலாளி எதுவும் தர வேண்டியதில்லை, நடுத்தரமான கவனக்குறைவு என்றால் இழப்பு இருவருக்கும் பகிரப்படும், மிகக் கடுமையான அலட்சியமோ வேண்டுமென்றே செய்ததோ என்றால்தான் பெரும்பாலும் முழுச் சுமையும் அவர்மேல் விழும்.

சரி, கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய கவனக்குறைவு? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பரணிலிருந்து பெட்டி இறக்குவது அவர் வழக்கமாகச் செய்யும் வேலை அல்ல. பெட்டி கனமானது, இன்னொருவர் வேண்டும் என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். நீங்கள் அவசரப்படுத்தினீர்கள். ஏணி கொடுக்கவில்லை, பிளாஸ்டிக் ஸ்டூல்தான் இருந்தது. பெட்டி இறங்கும் பாதையில் இருந்த டிவியை யாரும் நகர்த்தி வைக்கவில்லை. இவற்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்பதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் முன்சிஃப் நீதிமன்றத்தில் 19,500 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு சாட்சியைத் தேட வேண்டியதில்லை, இந்தக் கடிதமே போதும். அந்த அறையில் அன்று ஆபத்தைச் சரியாகக் கணித்தவர் அவர் ஒருவர்தான்.

கடிதத்தில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. அவருக்கு அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டூல் சறுக்கி அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால், இன்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வியே வேறு. பாதுகாப்பான வழி செய்து தராமல் ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னவர் என்ற முறையில், மருத்துவச் செலவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்விக்கான உதவி போன்றவை உண்டு. ஆறு ஆண்டுகளாக உங்கள் வீட்டில் இருப்பவர் அதில் உறுப்பினரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய அரை நாள் விடுப்பும், தேவைப்பட்டால் படிவம் நிரப்ப உதவியும் கொடுங்கள்.

"அவரே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே" என்பது உங்கள் கணவரின் அடுத்த வாதமாக இருக்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. ஒருவருடைய விருப்பத்தை அடக்கி ஆளும் நிலையில் இருப்பவர், அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெற்றால், அந்தச் சம்மதம் தகாத செல்வாக்கினால் பெறப்பட்டது என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. சம்பளத்தை 12-ஆம் தேதி வரை கையில் வைத்துக்கொண்டு, அழுகிறவரிடம் பெற்ற சம்மதத்தை எந்த நீதிபதியும் சுதந்திரமான சம்மதம் என்று எழுதமாட்டார். வேலை போய்விடுமோ, போகும்போது இந்தத் தெரு முழுக்கக் கெட்ட பெயரோடு போக வேண்டியிருக்குமோ என்ற அச்சம் அந்த "பிடிச்சுக்கோங்க அக்கா"வுக்குள் இருக்கிறது. மேலும், சம்பளத்தில் பிடிக்கும்போது வழக்குத் தொடுப்பவரும் நீங்களே, தீர்ப்புச் சொல்பவரும் நீங்களே, பணத்தை வசூலிக்கும் அமீனாவும் நீங்களே. இப்படி ஓர் அதிகாரம் உங்கள் அலுவலகத்தில் உங்கள் மேலாளருக்கு இருந்தால் ஒப்புக்கொள்வீர்களா? அலுவலக மடிக்கணினியில் காப்பி கொட்டிவிட்ட எத்தனையோ பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் பதின்மூன்று மாதம் சம்பளம் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்தப் பதின்மூன்று மாதக் கணக்கில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இடையில் அவர் வேலையை விட்டு நிற்க விரும்பினால் என்ன செய்வீர்கள்? "கடனைத் தீர்த்துவிட்டுப் போ" என்பீர்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் முதன்மையாக முன்பணத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உடைந்த டிவியின் கணக்கு அதற்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் நாங்கள் நாள் முழுக்க வாதிடலாம். ஆனால் கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டிவைப்பதைத்தான் அந்தச் சட்டம் ஒழிக்க முனைந்தது என்பதில் வாதமே இல்லை. ஆறு ஆண்டு உறவு அப்படி ஒரு வாக்கியத்தில் போய் நிற்க வேண்டுமா? கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சிலர் கேட்பதால் இதையும் சொல்கிறேன்: காவல் நிலையத்துக்குப் போவேன் என்று மிரட்டுவதற்கும் இடமில்லை. சொத்துக்குச் சேதம் விளைவித்தல் குற்றமாவதற்கு, சேதம் செய்யும் எண்ணமோ, சேதமாகும் என்ற அறிவோ இருக்க வேண்டும். கை நழுவுவது குற்றம் அல்ல.

தொகையைப் பற்றியும் ஒரு திருத்தம். யாராவது ஈடுகட்டியே ஆக வேண்டிய வழக்காக இருந்தாலும், மூன்று ஆண்டு ஓடிய டிவிக்குப் புது டிவியின் விலையைச் சட்டம் தராது. சேதமான அன்று அது என்ன பெறுமோ அதுதான் இழப்பு. பழைய மின்சாதனங்களை வாங்கி விற்கும் கடை ஒன்றில், விரிசல் விழாத அதே டிவியை விற்றால் என்ன தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 19,500 என்ற எண்ணின் கனம் குறைந்துவிடும். பேனல் மாற்றுவது லாபமா, இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிதாக வாங்குவது லாபமா என்பதும் அப்போது தெளிவாகும். இன்னொரு கணக்கும் போட்டேன். மாதத்துக்கு இருபத்தாறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால், அவருடைய ஒரு மணி நேர உழைப்புக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 87 ரூபாய். 19,500 ரூபாய் என்பது உங்கள் வீட்டில் அவர் நான்கு மாதத்துக்கும் மேல் சம்பளமில்லாமல் உழைப்பதற்குச் சமம். ஒரு பெட்டி நழுவிய அரை நொடிக்கு அந்த விலை.

நாளுக்கு முப்பது பாத்திரம் துலக்குகிறார் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு ஆண்டுகளில் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் உங்கள் பொருள்கள் அவர் கைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன. இத்தனை முறை கையாளப்படும் இடத்தில் சில உடையும். அது வீடு நடத்துவதன் செலவு, துடைப்பமும் சோப்பும் போல. நம் வீடுகளில் நாமே ஒரு கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்தால், "போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பெருக்கித் தள்ளுகிறோம். அதே தம்ளர் வேலை செய்பவர் கையில் உடைந்தால் மட்டும் அதற்குத் திடீரென்று ஒரு விலைச்சீட்டு முளைத்துவிடுகிறது. என் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. என் தாயார் காலத்து ஊறுகாய் ஜாடியின் மூடி உடைந்த அன்று நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் ஜாடியை உடைத்தவன் நானேதான்.

பொம்மைகளின் இழப்பு வேறு வகையானது, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. அம்மா கையால் கொடுத்த தசாவதாரத்தில் நான்கு அவதாரங்கள் இல்லாமல் போவதை 500 ரூபாய்த் தவணைகளால் நிரப்ப முடியாது. நிரப்ப முடியாத ஒன்றுக்கு விலை போடாமல் விடுவதுதான் பொம்மைகளுக்கும் மரியாதை. நொறுங்கிப் போன மண் பொம்மையை ஒட்டுவது கடினம் என்றாலும், கை, ஆயுதம் மட்டும் உடைந்த பொம்மைகளைச் சரிசெய்து வண்ணம் பூசித் தரும் கைவினைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். நவராத்திரிக்கு முன்பு மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கடை போடுபவர்களிடம் விசாரியுங்கள். மண் பொம்மைக்குப் பேர்போன பண்ருட்டி, மதுரை விளாச்சேரி போன்ற ஊர்களோடு தொடர்புள்ள வியாபாரிகள் அங்கே வருவதுண்டு. மீதியிருக்கும் ஆறு பொம்மைகளின் படத்தையும் உயரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; பழைய அச்சுக்கு நெருக்கமான பொம்மை தனியாகக் கிடைத்தாலும் கிடைக்கும்.

எதிர் வீட்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சுருக்கமானது. ஆப் நிறுவனத்திடமோ ஏஜென்சியிடமோ சேவையை விலைக்கு வாங்குபவர் நுகர்வோர். அந்த நிறுவனம் அனுப்பிய ஆள் கவனக்குறைவால் சேதப்படுத்தினால், சேவைக் குறைபாடு என்று நிறுவனத்தின்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. நிறுவனம் ஒவ்வொரு வேலைக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் ஆபத்தின் பங்கையும் எடுத்துக்கொள்வது முறை. அது அந்தப் பணத்தைப் பின்வாசல் வழியாக அந்தத் தொழிலாளியிடமே வசூலிக்கிறதா என்பதை எதிர் வீட்டார் ஒருமுறை விசாரித்தால் நன்று. நீங்கள் நேரடியாக வேலைக்கு அமர்த்தியிருப்பது தனிப்பட்ட பணி ஒப்பந்தம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைச் "சேவை" என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. இடைத்தரகர் இல்லாததால் ஏஜென்சியின் கமிஷன் உங்களுக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்குள் இத்தகைய இழப்பும் அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு வைத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கான சாதாரணப் பாலிசிகள் கை தவறி உடைவதற்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை என்றாலும், டிவி வாங்கும்போது விபத்துச் சேதத்துக்கான கூடுதல் திட்டம் எடுத்திருந்தால் அது இன்னும் நடப்பில் இருக்கக்கூடும். வழக்கமான நீட்டிக்கப்பட்ட வாரண்டி இதற்கு உதவாது.

அப்படியானால் வேலை செய்பவர் எப்போதுமே பொறுப்பாக மாட்டாரா என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே உடைத்தாலும், உங்களுக்குத் தெரியாமல் பொருளை வெளியே எடுத்துச் சென்று கெடுத்தாலும், தொடாதே என்று தெளிவாகச் சொன்னதைத் தன் சொந்தத் தேவைக்காகப் பயன்படுத்திப் பழுதாக்கினாலும் அவரிடம் ஈடு கேட்க நியாயம் உண்டு. அப்போதுகூடச் சம்பளத்தில் கை வைக்காமல், தனியாகப் பேசித் தொகையை ஒப்புக்கொள்வதுதான் முறை. மாதம் ஒன்று உடைகிறது, சொல்லியும் கேட்கவில்லை என்றால், ஒரு மாத அவகாசம் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்துவதுதான் தீர்வு, அபராதம் அல்ல. அபராதம் போடும் வீட்டில் பொருள்கள் உடைவது நிற்பதில்லை, உடைந்ததைச் சொல்வதுதான் நிற்கும். விரிசல் விட்ட மிக்சி ஜாரை அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்துவிடுவார்கள். அடுத்த நாள் அதைத் தெரியாமல் ஓடவிடுவது நீங்கள்.

கடைசியாக, எழுதி வாங்கும் யோசனை. "உடைத்தால் நீயே பொறுப்பு" என்ற தாளில் கையெழுத்து வாங்கினால் அதற்கு நீதிமன்றத்தில் அதிக மதிப்பிருக்காது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தண்டத்தொகை எழுதியிருந்தாலும், அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஆனால் வேறு விதமான ஒரு தாள் எழுதுவதை நான் வரவேற்கிறேன். வேலை நேரம், எந்தெந்த வேலைகள், சம்பளம், அது எந்தத் தேதிக்குள் கொடுக்கப்படும், வார விடுப்பு, தீபாவளிக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பொருள்களை அவர் தொட வேண்டியதில்லை, நீங்களே துடைத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேருங்கள்: டிவி திரை, கண்ணாடி அலமாரி, பூஜை அறை வெள்ளி, கொலு பொம்மைகள் என்று. ஏணி ஏறும் வேலையும் கனம் தூக்கும் வேலையும் வழக்கமான வேலையில் சேராது என்பதையும், வேலையின்போது ஏதாவது உடைந்தால் அன்றே சொன்னால் போதும், சம்பளத்தில் பிடித்தம் இருக்காது என்பதையும் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தபோது அதை மணிக்கணக்கில் வகுத்தது. உங்கள் தாளிலும் மணிக்கணக்கு இருந்தால் பின்னால் கூடுதல் வேலை வரும்போது பேசுவதற்கு எளிதாக இருக்கும்.

நவராத்திரி முடிந்ததும் பெட்டிகள் மறுபடியும் பரணுக்கு ஏற வேண்டும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவர் ஏணியில் நிற்கட்டும், நீங்கள் கீழிருந்து எடுத்துக் கொடுங்கள். அந்தப் பெண்ணின் உதவியும் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு, அந்த மணி நேரத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுங்கள்.